சின்னப் பிள்ளைகளோடு பண்டிகை வேலைகள்: கொலு முளையிலிருந்து களிமண் பிள்ளையார் வரை

காலாண்டு விடுமுறை நெருங்குகிறது, மூன்று வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண், மூன்றாவது மாடியில் வீடு. விடுமுறையிலும் பண்டிகையிலும் பிள்ளைகளோடு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கைவேலை உங்களுக்கு அவ்வளவாக வராது, வீடியோ பார்த்து ஆரம்பிப்பதைப் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட, கடைசியில் நீங்களே முடிக்க வேண்டியிருக்கிறது, செய்த சாமான்களை வைக்கவும் இடமில்லை என்கிறீர்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு பல வருஷம் இருந்தவள் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பாதியில் எழுந்து போவதில் அவர்கள் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. அந்த வீடியோக்களில் வருவது பெரியவர்கள் விரலுக்கான வேலை. கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும், இத்துனூண்டு மணியை ஒட்ட வேண்டும், பசை காயும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று வயதுக் கைக்குத் தெரிந்தது பிசைவது, தட்டுவது, கிழிப்பது, ஊற்றுவது, உருட்டுவது. ஆறு வயதில் மடிப்பது, கோப்பது, ஓரளவு நேராக வெட்டுவது வந்துவிடும். இந்த வேலைகளெல்லாம் நம் பண்டிகைகளுக்குள்ளேயே குவிந்து கிடக்கின்றன. மாவு பிசைய வேண்டும், மண் குழைக்க வேண்டும், விதை தூவ வேண்டும், திரி திரிக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம் என்றால், பிள்ளைகளை ஓரமாக உட்காரவைத்து அட்டையும் பசையும் கொடுத்துவிட்டு, இந்த நல்ல வேலைகளையெல்லாம் அவசர அவசரமாக நாமே முடித்துவிடுகிறோம். பண்டிகை வேலையிலேயே ஒரு பங்கை அவர்களிடம் விடுங்கள். அந்தப் பங்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவர்களுடையது. நீங்கள் திருத்தக் கூடாது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

உங்களுக்கு முதலில் வருவது நவராத்திரி. கொலு வைக்கிற வீடோ இல்லையோ, ஒரு தட்டில் முளை போடுங்கள். கொலுப் படிக்குக் கீழே 'பார்க்' வைப்போமே, அதற்குத்தான். பழைய பிளாஸ்டிக் தட்டில் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணோ தென்னை நார்க்கழிவோ பரப்பி, இரவு முழுக்க ஊறிய வெந்தயத்தையும் கேழ்வரகையும் தூவச் சொல்லுங்கள். மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கும். அதற்கு ஒரு வாரம் முன்பு தூவினால் கொலு வைக்கும் நாளில் பச்சைப் பசேலென்று நிற்கும். வெந்தயம் இரண்டு மூன்று நாளிலேயே தலை காட்டும், கேழ்வரகு கொஞ்சம் தாமதிக்கும். சின்னவன் கையில் சொம்பைக் கொடுத்தால் வெள்ளமே வந்துவிடும். விதை அழுகிப்போகும். மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட தண்ணீர்ப் பாட்டில் கொடுங்கள், எவ்வளவு ஊற்றினாலும் தூறலாகத்தான் விழும்.

பெரியவளுக்கு இன்னொரு வேலை உண்டு. இரண்டாவதாக ஒரு தட்டு போட்டு, அதை அட்டைப் பெட்டியால் மூடி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் வைத்த தட்டு குட்டையாக, பச்சையாக வளரும். மூடிய தட்டு வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். ஊர்த் திருவிழாவில் பெண்கள் தலையில் சுமந்து வருகிற முளைப்பாரி அந்த நிறத்தில் இருப்பதும் இருட்டறையில் வளர்ப்பதால்தான். 'வெயில் படாம வளர்ந்தா ஏன் மஞ்சளா இருக்கு?' என்று அவளே கேட்பாள். உடனே பதில் சொல்லாமல், மூடிய தட்டைத் திறந்து ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை ஏறுவதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

டிசம்பர் பத்துத் தேதி வாக்கில் இதே தட்டை மறுபடி போட்டால், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி தயார். உங்கள் வீட்டில் குடில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும், கொண்டுபோய்க் கொடுங்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மையும் குடில் சொரூபங்களும் ஒரே கைகள்தான் செய்கின்றன. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளை அழைத்துப் போய் மண் பிசைவதிலிருந்து வர்ணம் பூசுவது வரை காட்டுங்கள்.

கொலுவில் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் இன்னொரு வேலை மரப்பாச்சிக்குத் துணி கட்டுவது. துணி வெட்டிய மிச்சம், ஜரிகைத் துண்டு, நூல் மூன்றும் போதும். ஊசி வேண்டாம், சுற்றிக் கட்டினாலே புடவைதான். புடவை தலைகீழாக இருந்தாலும் அந்த மரப்பாச்சிதான் படியில் நடுவில் நிற்க வேண்டும். விருந்தாளி வருவதற்குள் நாம் மாற்றிக் கட்டிவிட்டால், அடுத்த வருஷம் பிள்ளை கைவைக்காது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் காகிதத்தில் கத்திக்கப்பல், சாதாக்கப்பல். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கார்த்திகைக்குப் புது அகல் வாங்கியதும் அதைத் தண்ணீரில் போடுகிற வேலை சின்னவனுக்கு. சுட்ட மண் அகல் எண்ணெயைக் குடிக்கும், அதனால் முதலில் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்போம். வாளியில் அகலை விட்டதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அதோடு வரிசை வரிசையாகக் குமிழி வரும். காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பெரியவள் பஞ்சுத் திரி திரிக்கலாம், காய்ந்த அகலுக்குக் காவிக் கோடு போடலாம். மாவலி சுற்றுவதை மட்டும் பெரியவர்கள் செய்து காட்டுங்கள். பனம்பூவைக் கரியாக்கிப் பொடித்து, துணியில் கட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கயிற்றில் சுற்றுவார்கள், நெருப்புப் பொறி வட்டமாகக் கொட்டும். இன்னும் சுற்றுகிற ஊர்கள் இருக்கின்றன, வாய்ப்புக் கிடைத்தால் தூரத்தில் நின்று பார்க்கவாவது கூட்டிப் போங்கள்.

மார்கழிக்கும் தைக்கும் வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து நம் பண்டிகைகளில் முழுக்க முழுக்கச் சின்னப் பிள்ளைகளுடையது இதுதான். மார்கழி முழுவதும் கோலத்தில் சாணிப் பிள்ளையார் வைத்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அந்தப் பூவைச் சாணத்தோடு சேர்த்துத் தட்டி, காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். தைப்பொங்கல் முடிந்து வேறொரு நாளில், பிள்ளைகளுக்காக முற்றத்தில் மண்ணால் சிறு வீடு கட்டி, அதன் வாசலில் சின்னப் பானையில் பொங்கலிட்டு, காய்ந்த அந்த வறட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவார்கள்.

மூன்றாம் மாடியில் இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பால்கனியில் ஒரு பெரிய தாம்பாளம் போதும். செம்மண்ணைக் கெட்டியாகக் குழைத்து, சுண்டுவிரல் உயரத்துக்குச் சுவர் எழுப்பட்டும். வாசல் எங்கே, அடுப்படி எங்கே, யார் எந்த அறையில் தூங்குவது எல்லாம் அவர்கள் முடிவு. பையன் மண்ணைப் பிசைந்து உருட்டித் தருவான், அக்கா சுவர் வைப்பாள். சண்டை வரும். அந்தச் சண்டையில் உடனே தலையிடாதீர்கள், வீட்டில் யாருக்கு எந்த அறை என்கிற நியாயமான சண்டைதான் அது. காய்ந்த சுவருக்கு அரிசி மாவுக் கரைசலில் விரலால் பட்டை அடிக்கலாம். சொப்புப் பானையில் அவர்கள் கழுவிக் கொடுக்கும் ஒரு பிடி அரிசியை நீங்கள் அடுப்பில் பொங்கித் தாருங்கள். அந்த ஒரு பிடியை அவர்கள் கையாலேயே வீட்டில் எல்லாருக்கும் பரிமாறச் சொல்லுங்கள். தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம், தை மாதத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொள்ளலாம்.

போகிக்குக் கொளுத்துவதெல்லாம் வேண்டாம். அதற்குப் பதில் காப்புக் கட்டு. ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சந்தையில் வாங்கி வந்து, கொத்துக் கொத்தாக நூலில் கட்டி வாசலில் செருகுவதைப் பெரியவளே செய்துவிடுவாள்.

மாசி, பங்குனியில் புளி வரும். வீட்டில் புளி ஆயும்போது கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கு கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடித் தரை இதற்கு அருமை, இல்லாவிட்டால் உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடேறும், பிள்ளைகள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிந்ததும் தாயக்கட்டை தயார். நான்கையும் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை எண்ணிக்கை. ஒன்று விழுந்தால் தாயம், நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. ஆறு வயதுக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது. மிச்சக் கொட்டைகளைக் குவித்து வைத்து, 'ப்பூ' என்று ஊதி, பிரிந்து விழுந்ததை மற்றது அசையாமல் எடுக்கிற ஆட்டம் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்காரன் கொட்டையை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளக் கூடியவன். அவன் விளையாடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள்.

கோடை விடுமுறை நீளமானது, பயமுறுத்துவதும் அதுதான். வடாம் போடுங்கள். காலை வெயில் ஏறுமுன் கூழ் கிண்டி இறக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் மாடிக்குக் கொண்டு போங்கள். பிள்ளைகளின் பங்குக்குப் பச்சைமிளகாய் அரைத்துச் சேர்க்காமல், உப்பும் சீரகமும் மட்டும் போட்ட கூழைத் தனியாக எடுத்து வையுங்கள். கையோடு கண்ணைக் கசக்கினால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். ஒரு கிண்ணத்தில் பீட்ரூட் சாறு கலந்துவிட்டால் இளஞ்சிவப்பு வடாம். கரண்டியால் வட்டமாக ஊற்றுவது அக்காவுக்கு, கிள்ளிக் கிள்ளி வைப்பது தம்பிக்கு. அவன் வைக்கும் வடாம் ஒன்று குண்டாக இருக்கும், ஒன்று ஒட்டடை மாதிரி இருக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மெல்லியதன் ஓரம் மட்டும் துணியிலிருந்து எழும்பியிருக்கும், குண்டானது இன்னும் ஈரமாகவே இருக்கும். மறுநாள் எதைத் திருப்பிப் போடலாம், எது இன்னும் காய வேண்டும் என்று விரலால் தொட்டு அவனே சொல்லட்டும். காக்கா விரட்டுவது இருவருக்கும் பொது. பொரித்த அன்று 'இது நான் போட்டது' என்று தேடித் தேடிச் சாப்பிடுவார்கள்.

நுங்கு வண்டி ஒன்றாவது செய்துவிடுங்கள். நுங்குக்காரரிடம் வாங்கும்போதே, 'பிள்ளைகளுக்கு வண்டி செய்யணும், காயைப் பிளக்காம மேலே மட்டும் சீவிக் கொடுங்க' என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். விரலை விட்டு நோண்டிச் சாப்பிட்ட பிறகு, ஒரே அளவில் இரண்டு வெற்றுக் காயை எடுத்துக்கொண்டு, ஒரு சாண் நீளக் குச்சியின் இரண்டு முனையிலும் நடுவில் குத்திச் செருகுங்கள். இது அச்சு. பிள்ளையின் மார்பு உயரத்துக்கு, நுனியில் கவட்டை உள்ள இன்னொரு குச்சி வேண்டும். கவட்டையை அச்சின் நடுவில் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே திரும்பும். ஏன் என்று பெரியவள் யோசிக்கட்டும். குச்சியைக் குத்துவது மட்டும் உங்கள் வேலை, கத்தி முனையில் சின்னதாக ஓட்டை போட்டுக்கொண்டு செருகினால் சுலபம். பனங்காயின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

ஆடி மாதத்துக்கென்று ஊர் ஊருக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்த ஊர் எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் என்றால் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது. தேங்காயின் நாரை உரித்து, ஓட்டின் மேல்புறத்தை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்துத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை எல்லாம் அந்தக் கண் வழியாகவே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவார்கள். தேய்ப்பதும் நிரப்புவதும் பிள்ளைகள், தீ பெரியவர்கள். தஞ்சாவூர், திருச்சிக் காவிரிக்கரை என்றால் ஆடிப்பெருக்குச் சப்பரம். சின்ன மரத் தேரில் சாமி படம் வைத்து, காகிதம் ஒட்டி, பிள்ளைகள் ஆற்றுக்கு இழுத்துப் போவார்கள். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியும் பாட்டில் மூடிச் சக்கரமும் வைத்து வீட்டிலேயே ஒன்று கட்டிவிடலாம். எந்த ஊரானாலும் மருதாணி உண்டு. ஆடியிலும் வைப்பார்கள், ரம்ஜானுக்கு முந்தின இரவும் வைப்பார்கள். இலையாக வாங்கி அரையுங்கள். சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோன்களில் தலைச்சாயத்தில் போடுகிற ரசாயனம் கலந்திருக்கக்கூடும், பிஞ்சுத் தோல் கொப்பளித்துப் போகும்.

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி, அதோடு பிள்ளையார் சதுர்த்தி. கண்ணன் பாதம் போட, மூடிய கையின் பக்கவாட்டை அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே ஐந்து விரல்பொட்டு வைக்கச் சொல்லுங்கள். வைத்தவுடன் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளையாக எழும்பி வரும். சின்னவன் 'வரவே இல்லை' என்று அதன் மேலேயே மறுபடி ஒற்றப் பார்ப்பான், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். சதுர்த்திக்கு நாலைந்து நாள் முன்பே களிமண் வாங்கிவிடுங்கள். கல், வேர் பொறுக்குவது பிள்ளைகள் வேலை, அதிலேயே அரை மணி நேரம் போகும். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு, கையில் ஒட்டாத அளவுக்குப் பிசைய வேண்டும். தண்ணீர் அதிகமானால் காயும்போது விரியும். பிள்ளையார் நான்கு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், சின்னதாக இருந்தால் விரிசல் குறைவு. பெரிய உருண்டை வயிறு, அதைவிடச் சின்னது தலை, பாம்பு மாதிரி உருட்டியது தும்பிக்கை, தட்டையாக்கிய இரண்டு சின்ன உருண்டை காது. ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, சேறு போலக் குழைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டிய தும்பிக்கை காய்ந்ததும் விழுந்துவிடும், பிள்ளை அழும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். கண்ணுக்குக் குன்றிமணி வைக்கிறோமே, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கடித்து உள்ளே போனால் கடுமையான விஷம். தோல் நீக்காத கறுப்பு உளுந்து இரண்டு வைத்தால் அருமையாக முழிக்கும். எருக்கம்பூ மாலையைக் கட்டியதாக வாங்கிக்கொள்ளுங்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே கேடு.

தும்பிக்கை எந்தப் பக்கம், மூஞ்சூறு எங்கே என்றெல்லாம் திருத்தாதீர்கள். பையன் செய்தது வெறும் மூன்று உருண்டையாக இருந்தாலும் அதற்கும் அருகம்புல் வைத்து, கடைசிக் கொழுக்கட்டை வரை எல்லாம் உண்டு. குடையைப் பெரியவள் செய்வாள், வட்டமாக வெட்டிய வண்ணக் காகிதமும் ஒரு ஈர்க்குச்சியும் போதும்.

கரைப்பதை வாளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் சீக்கிரம் கரைவார், ஈரம் மிச்சமிருந்தால் அப்படியே கிடப்பார். காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் வேகமாகப் புகுந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும், அதனால் குமிழி குமிழியாக வந்து, காதும் தும்பிக்கையும் முதலில் உதிர்ந்து, வயிறு கடைசியில் சரியும். பிள்ளைகள் வாளியை விட்டு நகர மாட்டார்கள். சிலருக்கு அழுகை வரும், வரட்டும். கரைந்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள்.

இத்தனையையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் நிறைய. அடுத்த வருஷமும் அதே ஒன்றைச் செய்யுங்கள். போன வருஷம் பிசைந்து மட்டும் கொடுத்தவன் இந்த வருஷம் தும்பிக்கை ஒட்டுவான், அவனுக்கே அது தெரியும். ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு உருண்டை மண் என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தம்பி அக்காவுடையதை நசுக்குவதுதான் இந்த வயதில் வேலை நிற்பதற்கு முதல் காரணம்.

இடப் பிரச்சினை இதில் வராது. முளை நவராத்திரிக்குப் பிறகு செடித்தொட்டிக்குப் போய்விடும், வடாம் வயிற்றுக்குள் போய்விடும், நுங்கு வண்டி சில நாளில் சுருங்கிப் போகும், சிறுவீட்டு மண்ணைத் தொட்டியில் கொட்டிக்கொள்ளலாம். எடுத்து வைக்க வேண்டியது புளியங்கொட்டைத் தாயமும் மரப்பாச்சிப் புடவையும் மட்டும்தான், இரண்டும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும். இன்றைக்கே வெந்தயத்தையும் கேழ்வரகையும் வாங்கி வைத்துவிடுங்கள். மண்ணும் தட்டும் கிடைத்தால் வருகிற சனிக்கிழமையே தூவிவிடலாம்.